பவர் ஸ்டியரிங் ஆயில் கசிவுன்னு 18,500 ரூபாய் ஏமாந்தேன்: வீட்டுக்கு மெக்கானிக் கூப்பிடுறவங்க படிச்சிடுங்க

18,500 ரூபாய். போன வியாழக்கிழமை என் வீட்டு வாசல்ல நின்னு, என் கையாலேயே போன்ல அனுப்பின பணம். அது எதுக்குப் போச்சுன்னு நேத்துதான் தெரிஞ்சுது. பவர் ஸ்டியரிங் ஆயில் கசிஞ்சா வீட்டிலேயே என்ன பார்க்கணும், என்ன பண்ணணும்னு கடைசியில விவரமா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

வண்டி 2011 இன்னோவா. அப்பா வாங்கினது. ஒரு நாள் காலையில போர்ட்டிகோவுல முன் சக்கரத்துக்குப் பக்கத்துல சிவப்பா நாலு சொட்டு. பானட்டைத் திறந்தா பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவுல அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழ போயிருந்தது. ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை ஒடிச்சா பம்ப்ல இருந்து முனகல் சத்தம். ஞாயிற்றுக்கிழமை தம்பி குழந்தைக்குப் பழனியில மொட்டை. கோயம்புத்தூர்ல இருந்து ஏழு பேரும் இந்த வண்டியிலதான் போகணும். வழக்கமா வண்டி விடற சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்காரர் வீட்டுல விசேஷம், அந்த வாரம் கடை திறக்கலை. அவசரத்துல வீட்டுக்கே மெக்கானிக் அனுப்பற ஒரு ஆப்ல புக் பண்ணினேன். சோதனைக் கட்டணம் 499 ரூபாய். புகார் நடந்துட்டிருக்கறதால ஆப் பேரை எழுதலை.

வந்தவருக்கு முப்பது வயசு இருக்கும். செருப்பை கேட்டுக்கிட்டயே கழட்டிட்டு வந்தார். அம்மா காபி கொடுத்தாங்க. "பழனிக்குங்களாம்மா? முருகன் காரியத்துக்குப் போற வண்டியை நடுரோட்டுல நிக்க விட்ருவனுங்களா?"ன்னார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். உள்ள வந்து "நல்ல பையன்டா"ன்னாங்க. எனக்கும் அதேதான் தோணுச்சு. எத்தனை தடவை நினைச்சுப் பார்த்தாலும், நான் விழுந்த இடம் அந்தக் காபி டம்ளர்தான்.

வண்டியை ஜாக்கியில தூக்கி, கீழ படுத்துப் பார்த்துட்டு வந்து ரெண்டு விரலை நீட்டினார். சிவப்பு ஆயில். "ரேக் போச்சுங்ண்ணா. உள்ள சீல் வெட்டிருச்சு. இப்படியே போனீங்கன்னா வளைவுல ஸ்டியரிங் லாக் ஆயிரும்." ரேக்னா ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரங்களைத் திருப்பற நீளமான பாகம்; சீல்னா ஆயில் வெளிய வராம அடைக்கற ரப்பர் வளையம். நானும் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரேக் மேல ஈரம் இருந்தது. கண்ணால பார்த்த பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்?

புது ரேக் 14,500, கூலி 3,000, ஆயில் 1,000. மொத்தம் 18,500. "ஆப்ல பில் போட்டா இதுவே இருபத்தஞ்சு தாண்டிருங்ண்ணா. என் நம்பருக்கே போட்டு விட்ருங்க, இன்னைக்கே பொருள் எடுத்தாத்தான் நாளைக்கு மாட்ட முடியும்." போட்டு விட்டேன்.

மறுநாள் ஒரு நீள அட்டைப்பெட்டியோட வந்தார். நான் ஆபீஸ் மீட்டிங்னு உள்ள போயிட்டேன். ஒன்றரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுதுன்னு கூப்பிட்டார். குனிஞ்சு பார்த்தா ரேக் கருகருன்னு பளபளத்தது. பழைய ரேக்கைக் கேட்டதுக்கு, "எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கணுங்ண்ணா, அதனாலதான் இந்த விலை"ன்னு பைக் பின்னாடி கட்டியிருந்த சாக்கைக் காட்டினார். வீல் அலைன்மென்ட் பார்க்கணுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டார்.

பழனி போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது உடுமலைப்பேட்டைக்குள்ள ஒரு திருப்பத்துல ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பின் சீட்டுல மொட்டை போட்ட குழந்தை தூங்கிட்டிருக்கு, நான் ரெண்டு கையாலயும் இழுத்துத் திருப்பறேன். ஓரம் கட்டிப் பார்த்தா டப்பா காலி. அங்கேயே ஒரு லிட்டர் ஆயில் வாங்கி ஊத்தி, நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி நிரப்பித்தான் வீடு வந்தோம்.

திங்கட்கிழமை காலையில கூப்பிட்டேன். "ஊருக்கு வந்திருக்கேங்ண்ணா, நாளைக்கு வர்றேன்." செவ்வாய் போன் எடுக்கலை. மத்தியானத்துக்கு மேல ரிங்கே போகலை, பிளாக் பண்ணியாச்சு. ஆப்ல புகார் போட்டேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு பதில், அரை மணி நேரத்துல புகார் முடிக்கப்பட்டதுன்னு இன்னொரு பதில். என்ன முடிஞ்சுது? மறுபடி போட்டு, ஆள் பேசற லைனைப் பிடிக்கவே நாப்பது நிமிஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு, "எங்க கணக்குல 499 ரூபாய்தான் இருக்கு சார். வெளிய கொடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பில்லை"ன்னு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. ஆளை அனுப்பினது யாரு? நானா தெருவுல போய்க் கூட்டிட்டு வந்தேன்?

நேத்து சிங்காநல்லூர் அண்ணன்கிட்ட வண்டியை விட்டேன். அவர் ரேக்கை நகத்தால ஒரு கீறு கீறினார். கறுப்பு பெயிண்ட் உரிஞ்சு வந்தது, அடியில காஞ்ச சேறு. சேத்தைக்கூட துடைக்காம மேலேயே ஸ்ப்ரே அடிச்சிருக்கான்! ரேக்கைச் சக்கரத்தோட இணைக்கற டை ராடு கம்பியோட முனையில இருக்கற நட்டைக் காட்டினார், துரு அப்படியே படிஞ்சிருந்தது. "இதைக் கழட்டாம ரேக்கை இறக்க முடியாது தம்பி. இதுல ஸ்பேனர் பட்டே வருஷமாச்சு. ரேக் மாத்தியிருந்தா அலைன்மென்ட் பார்த்தே ஆகணும்." ரேக்கோட ரெண்டு முனையிலயும் மூடியிருக்கற ரப்பர் உறை, அதாவது பூட், அதோட கிளிப்பை நகர்த்திக் காட்டினார். உள்ள உலர்ந்து கிடக்கு. ரேக்கோட உள் சீல் போயிருந்தா ஆயில் அந்த ரப்பர் உறைக்குள்ளதான் வந்து தேங்குமாம்.

அப்புறம் எல்லாத்தையும் சுத்தமா துடைச்சுட்டு இன்ஜினைப் போட்டு என்னை ஸ்டியரிங் திருப்பச் சொன்னார். டப்பாவுக்குத் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸ், அதோட கிளிப்புக்கு அடியில முடி கனத்துல ஒரு வெடிப்பு. அதுல இருந்து சிவப்பா ஒரு முத்து திரண்டு, ஹோஸ் வழியா வழிஞ்சு ரேக் மேல இறங்குது. அன்னைக்கு நான் டார்ச் அடிச்சுப் பார்த்தது சொட்டற இடத்தை. கசியற இடம் அதுக்கு மேல இருந்தது, நான் நிமிர்ந்து பார்க்கலை. புது ஹோஸ், கிளிப், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். 850 ரூபாய் வேலைக்கு 18,500 பிடுங்கிட்டுப் போயிருக்கான்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. ராத்திரி வண்டிக்கு அடியில அட்டையை விரிச்சு எங்க சொட்டுதுன்னு பாருங்க. துடைச்சுட்டு, மேல இருந்து கீழ தேடுங்க. இன்ஜின் ஓடும்போது, பம்ப்ல இருந்து அழுத்தத்தோட ஆயில் போற தடிமனான பிரஷர் ஹோஸ்ல கை வைக்காதீங்க. டப்பா மூடியில என்ன ஆயில்னு போட்டிருக்கோ அதையே ஊத்துங்க, பிரேக் ஆயிலை ஊத்தினா சீல் எல்லாம் கெட்டுடும். ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிச்சு அப்படியே பிடிச்சு வைக்காதீங்க. ஆயில் இல்லாட்டி ஸ்டியரிங் கனமாகும், லாக் ஆகாது. அப்படிப் பயமுறுத்தறவனை நம்பாதீங்க. மாத்தின பழைய பொருள் உங்க வீட்டுலயே இருக்கணும். ஆப்ல வந்த ஆளுக்கு ஆப்புக்கு வெளிய ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல இன்னைக்குக் காலையில புகார் பதிஞ்சுட்டேன். பணம் போன ஸ்கிரீன்ஷாட், சேத்து மேல அடிச்ச பெயிண்ட், துருப்பிடிச்ச நட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். கோவையில வேற யாருக்காவது இதே மாதிரி அட்டைப்பெட்டியும் சாக்குமா ஒருத்தன் வந்து ரேக் மாத்திட்டுப் போயிருந்தா, இன்னைக்கே போய் நகத்தால கீறிப் பாருங்க. சேறு வந்தா எனக்குச் சொல்லுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.