ஆட்டிகஸ் எங்கே போனார்?

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) நாவலை நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்கு, 2015 ஜூலையில் வந்த அவரது இன்னொரு நாவல் 'கோ செட் எ வாட்ச்மேன்' பெருத்த ஏமாற்றம். அதில் முழு நியாயம் இருக்கிறது.

இது அடுத்த பாகமே அல்ல. 1950களில் எழுதிய முதல் வரைவு. எடிட்டர் டே ஹோஹாஃப் சொல்லித் திருத்தித் திருத்தி எழுதியதில்தான் 'மாக்கிங்பேர்ட்' பிறந்தது. அதனால் இரண்டும் ஒட்டவில்லை. அங்கே வழக்கறிஞர் ஆட்டிகஸ் வாதாடியும் தண்டிக்கப்படும் கறுப்பினத்தவர், இங்கே விடுதலையாகிறார். ஆட்டிகஸின் மகன் ஜெம்மின் மரணமோ போகிறபோக்கில் சொல்லப்படுகிறது.

'மாக்கிங்பேர்ட்'டில் நீதிக்காக நின்ற ஆட்டிகஸ், இங்கே இனப்பிரிவினை பேசும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வாசகர்களை உடைத்தது. அப்படிக் காட்டியது தவறில்லை; 1950களில் அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவில் அது நடக்கக்கூடியதே. ஆனால் அவரது 26 வயது மகள் ஜீன் லூயிஸ் தந்தையை ஏன் தெய்வமாக நினைத்தாள் என்பதை இந்நாவல் போதிய அளவு காட்டவில்லை. அந்தக் கனத்தை நாம்தான் முந்தைய புத்தகத்திலிருந்து சுமந்து வரவேண்டும். கடைசிப் பகுதி வெறும் வாக்குவாதம். சித்தப்பா ஓர் அறை விட்டதும் அவள் தெளிவதாக வருவது துளியும் நம்பும்படி இல்லை.

சிறுவயது நினைவுகள் வரும் பக்கங்கள் மட்டும் அருமை. 'மாக்கிங்பேர்ட்' படிக்காதவர்கள் இதிலிருந்து தொடங்கவே வேண்டாம்.