நுவரெலியாவிலிருந்து வெள்ளவத்தைக்கு: அம்மாவோடு மோட்டர் ஹோமில்

வெளிநாட்டிலிருந்து வந்து, வயதான பெற்றோரை மலைநாட்டுக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படுக்கை, அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உள்ள மோட்டர் ஹோம் கொழும்பிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. கனடாவில் அதில் போய்ப் பழகியவர்களுக்கும் இலங்கை வீதியில் அது புது அனுபவம்தான்.

நாங்கள் அதை எடுத்ததற்கு ஒரே காரணம் அம்மா. எண்பதை நெருங்குகிறார். பிரஷருக்குப் போடும் குளிசையால் அடிக்கடி சிறுநீர் போகும், முழங்காலும் மடங்காது. முன்பெல்லாம் நுவரெலியாப் பயணம் என்றால் விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். வழியில் இறங்கக் கூச்சம். இறங்கினாலும் சாப்பாட்டுக் கடையின் பின்னால், ஈரத்தில் வழுக்குகிற, குந்த வேண்டிய மலசலகூடம்தான். எங்கள் பெண்கள் எத்தனை பேர் இப்படித் தொண்டை வரண்டு பயணம் செய்கிறார்கள்! இந்த முறை அம்மா தலவாக்கலையில் தானாகவே தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். கொடுத்த வாடகை முழுவதும் அதற்கே தகும் என்பேன்.

வாகனத்தை நாங்களே ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பு இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி ஒப்புதல் பெறலாம். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கவும் வசதி வந்தது. ஆனால் பத்திரம் கையில் இருப்பது வேறு, கினிகத்தேனை இறக்கத்தில் வாகனத்தைப் பிடித்து நிறுத்துவது வேறு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஹற்றன், கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கும் ஏ7 வீதி, வளைவுக்கு மேல் வளைவு. 2025 மே மாதம் கொத்மலைப் பக்கம் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் ஹற்றனைச் சேர்ந்த சாரதி ஒருவரை வைத்துக்கொண்டோம். இந்தப் பயணத்தில் கிடைத்த சேவைகளில் அதுதான் முதலாவது.

புறப்படுமுன் அவர் செய்த வேலை, தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டது.

"தம்பி, ஏன் தண்ணியை வீணாக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"நூறு லீட்டர் தண்ணின்னா நூறு கிலோ பாரம் அக்கா. வளைவுல தண்ணி ஒரு பக்கமா சாயும், வண்டியையும் சேத்து இழுக்கும். கீழ போய் நிரப்பிக்கலாம்."

மலசலகூடத்துக்கும் அம்மாவின் தேத்தண்ணிக்கும் போதுமானதை மட்டும் விட்டுவைத்தார். காஸ் சிலிண்டரின் வாயையும் பூட்டினார். இறக்கம் முழுவதும் இரண்டாம், மூன்றாம் கியர்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தபோதெல்லாம் இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார், அவசரப்படவே இல்லை. டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் அம்மாவை வசதியாக இருத்திவிட்டார். இறங்காமலேயே பார்த்தார் அம்மா.

கித்துல்கலவில் களனி கங்கை பக்கத்தில் வந்ததும் புழுக்கம் தொடங்கிவிட்டது. மேலே இரவு இரண்டு போர்வை தேவைப்பட்ட அதே படுக்கையில் கீழே ஏசி இல்லாமல் படுக்க முடியாது. நுவரெலியாவில் விருந்தினர் விடுதி ஒன்றின் வளவில் நிறுத்த இடமும் மின்சாரமும் தந்தார்கள், காசுக்குத்தான், ஆனால் மனமுவந்து. கொழும்பில் அப்படி இடம் தேடுவது பெரும்பாடு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் கார் திரும்புவதே கஷ்டம். மேலே வயர்கள் வேறு தொங்குகின்றன. அம்மாவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அன்றே வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்: கொழும்புக்குள் இதை வைத்திருக்க வேண்டாம்.

கழிவு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கனடாவில் முகாம் மைதானங்களில் கழிவுப் பெட்டியைக் கொட்டிக் கழுவத் தனியிடம் இருக்கும். இந்த வழியில் அப்படி ஒன்றையும் நாங்கள் காணவில்லை. வாகனம் தந்தவர்களைக் கேட்டால், "எங்கேயாவது பார்த்து ஊத்துங்கோ" என்றார்கள். களனி கங்கைத் தண்ணீரைத்தான் கொழும்பு குடிக்கிறது! விடுதிக்காரரிடம் அனுமதி பெற்று அவர்களுடைய மலக்குழியில் ஊற்றினோம். கவனியுங்கள், நாற்றம் வராமல் கழிவுப் பெட்டிக்குள் விடும் திரவமாக, போமல்டிஹைட் என்ற கிருமிகொல்லி கலந்த நீலத் திரவம் போட்டிருந்தால் அப்படி ஊற்றக்கூடாது, குழியில் கழிவைச் சிதைக்கும் பக்டீரியாக்களை அது கொன்றுவிடும். என்சைம் வகைத் திரவம் கேட்டு வாங்குங்கள்.

முற்பணம் கட்டுமுன் கழிவை எங்கே கொட்டுவது, மலைப்பாதை ஓடிப் பழகிய சாரதி தருவார்களா என்று கேளுங்கள். மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கைபிடி இருக்கிறதா என்றும் நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் வாகனத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவை நான்தான் தூக்கிவிட்டேன்.