நான்கு இரவில் பூக்கெட்டும் பாங்காக்கும்? சுங்கை சிப்புட்டில் விற்கப்படும் கப்பல் பயணம் பற்றி ஓர் எச்சரிக்கை

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரு கப்பல் பயண விளம்பரம் மறுபடியும் வாட்ஸாப்பில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பினாங்கில் ஏறி, பூக்கெட், லங்காவி, பாங்காக் மூன்றையும் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் காலையில் பினாங்கிலேயே இறங்கலாமாம். நான்கு இரவு, ஆளுக்கு 1,890 வெள்ளி (ரிங்கிட்). “புத்தம் புதிய ராட்சதக் கப்பல், பால்கனி அறை, பாங்காக் நகரத்துக்குள்ளேயே இறக்கம், எல்லாம் அடக்கம்” என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் இதைக் கடைசி வரை படித்துவிட்டு இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள்.

மே மாதக் கடைசிப் பள்ளி விடுமுறையில் இதே தாளை நம்பிப் போன குடும்பங்கள் இருக்கின்றன. பல பேர் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு போனவர்கள். பால்கனி அறைக்குப் பணம் வாங்கிவிட்டு, சன்னலே இல்லாத உள்ளறையைக் கொடுத்தார்கள். பாங்காக் பக்கமே கப்பல் போகவில்லை. பூக்கெட்டில் நங்கூரம் போட்டது, ஆனால் ஒருவரும் கரையில் கால் வைக்கவில்லை. லங்காவியில் கிடைத்தது நான்கு மணி நேரம். “எல்லாம் அடக்கம்” என்று சொல்லியிருந்தும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் அறைக் கணக்கில் ஏறி, இறங்கும்போது கட்டச் சொன்னார்கள். திரும்பி வந்து கேட்டதற்கு ஏஜெண்டு சொன்ன பதில்: “அக்கா, அது கப்பல் கம்பெனி எடுத்த முடிவு. எங்க கையில ஒண்ணும் இல்ல.”

அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய பொய் இருக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் பணத்தைத் திரும்பக் கேட்க வழி பிறக்கும். அதற்குக் கப்பலின் அளவும் வயதும் அது போகும் ஊர்களை எப்படித் தீர்மானிக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பாங்காக். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பினாங்கும் லங்காவியும் பூக்கெட்டும் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கின்றன. பாங்காக் மறுபக்கம், தாய்லாந்து வளைகுடாவின் உச்சியில். நடுவில் கப்பல் புகுந்து போகக் கால்வாய் எதுவும் கிடையாது. தெற்கே இறங்கி, சிங்கப்பூரைச் சுற்றி, மறுபடியும் வடக்கே ஏற வேண்டும். பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 380 கடல் மைல், அங்கிருந்து பாங்காக்குக்கு 800க்கும் மேல். ஆகமொத்தம் ஏறக்குறைய 1,200. நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 18 நாட் வேகத்தில் எங்கும் நிற்காமல் ஓடினாலும் ஒரு வழிக்கு 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் வர ஐந்தரை நாள். நான்கு இரவில் இது எந்தக் கப்பலாலும் முடியாது. விளம்பரத்தை எழுதியவர் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்பது நமக்குத் தேவையில்லாத ஆராய்ச்சி. நடக்காத ஒன்றை விற்றிருக்கிறார், அது போதும்.

“நகரத்துக்குள்ளேயே இறக்கம்” என்பது அதற்கு மேல் ஒரு பொய். சாவ் பிரயா ஆற்றில் ஏறி நகரத்தின் குளோங் தோய் துறைக்குப் போக 172 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலால் முடியாது. ஆற்று முகத்துவார மணல்திட்டைத் தாண்ட, நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழமும் ஏறக்குறைய 8.2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் 300 மீட்டரைத் தாண்டியவை. அவை லேம் சாபாங்கில்தான் நிற்கும். அங்கிருந்து பாங்காக்குக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம், நெரிசல் என்றால் இன்னும் கூட. காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குக் கிளம்பும் கப்பலில், போக வர நான்கு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். ஹோ சி மின் நகரத்துக்கும் இதே கதைதான். சின்னக் கப்பல் சைகோன் ஆற்றில் ஏறி நகரத்துக்கே போகும், பெரியது பூ மி துறையில் நின்றுவிடும். ஆக, “ராட்சதக் கப்பல்” என்றும் “நகர மையத்தில் இறக்கம்” என்றும் ஒரே தாளில் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதாக விற்றால் உயரத்தையும் பாருங்கள். ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தின் மேலே செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி இருப்பதால், நீர்மட்டத்திலிருந்து 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே வர முடியாது. அதற்காகவே 2012இல் மரீனா பே முனையம் திறந்தார்கள். இங்கிருந்து இரவுப் பேருந்தில் போகிறவர்களைத் தவறான முனையத்தில் இறக்கிவிட்டால், கடைசி நேரத்தில் பெட்டிகளோடு டாக்ஸி தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது பூக்கெட். இங்கே ஏஜெண்டு சொன்னதில் உண்மை உண்டு. சிறிய கப்பல்கள் ஆவ் மக்காம் ஆழ்கடல் துறையில் நேரடியாகக் கட்டும். பெரியவை பெரும்பாலும் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, பயணிகளைப் படகில் இறக்கும். டெண்டர் என்று சொல்லும் இந்தப் படகுகள் பெரும்பாலும் கப்பலின் உயிர்காப்புப் படகுகள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு படகு, படகுக்கு 120 பேர், ஏற்றி இறக்கித் திரும்ப 40 நிமிடம் என்று வைத்தால், மணிக்கு 720 பேர். 3,000 பேர் இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல். திரும்பவும் அதே நேரம். விளம்பரத்தில் “பூக்கெட், காலை 8 முதல் மாலை 6 வரை” என்று இருந்தாலும், வரிசையில் கடைசியில் நிற்கும் குடும்பத்துக்குக் கரையில் கிடைப்பது ஒரு மதிய வேளை.

நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆட்களை ஏற்றி வந்த ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் கரைக்கு வராமல் கடலில் தள்ளியே நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை எழும்பினால் அந்தப் படகு எப்படி ஆடும் என்று அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கதையாகவாவது தெரியும். பாத்தோங் விரிகுடா மேற்கே திறந்தது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அதற்குள் அலையைத் தள்ளும். கப்பலின் பக்கவாட்டில் படகு மேலும் கீழும் ஏறி இறங்கும்போது மூட்டு வலிக்காரர்களையும் குழந்தைகளையும் ஏற்றுவது ஆபத்து. கேப்டன் ரத்து செய்தது சரியான முடிவு, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் கம்பெனியின் பயணச்சீட்டு விதிகளிலும் துறைமுகத்தை மாற்றவோ விடவோ அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். வழக்கமாக அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். ஆனால் மே கடைசியில், வயதானவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு, படகில்தான் இறங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றது ஏஜெண்டின் குற்றம்.

இனி வயது. விளம்பரப் படத்தில் இருந்தது மேல்தளத்தில் நீர்ச்சறுக்குகளோடு ஒரு புதுக் கப்பல். ஏற்றிவிட்டது ஏறக்குறைய 30 வயதுக் கப்பலில். போனவர்கள் எடுத்த படம் ஒன்றில் கப்பலின் பின்புறம் தெளிவாக விழுந்திருக்கிறது. பெயர் எழுதிய இடத்தில், வெள்ளைச் சாயத்துக்கு அடியில் வேறொரு பெயரின் எழுத்துகள் வெல்டிங் தழும்பாகப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. கப்பல் கைமாறும்போது பெயர் மாறும், கொடி மாறும், சாயம் மாறும். மாறாதது ஒன்றுதான். ஐஎம்ஓ எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கப்பல் அடையாள எண், ஏழு இலக்கம். கட்டும்போது கொடுத்த அந்த எண், கப்பலை உடைக்கும் வரை அதே கப்பலுக்குத்தான். ஏஜெண்டிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஈக்வாசிஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிந்து எண்ணைத் தட்டினால் கட்டிய ஆண்டு, பழைய பெயர்கள், உரிமையாளர் எல்லாம் வரும். துறைமுகங்களில் கப்பல்களைச் சோதிக்க ஆசிய-பசிபிக் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தமான தோக்கியோ எம்ஓயுவின் தளத்தில் இந்த வட்டாரத் துறைமுகங்களில் அந்தக் கப்பலைச் சோதித்தார்களா, குறை கண்டு தடுத்து வைத்தார்களா என்று பார்க்கலாம். மலேசியாவும் அதில் உறுப்பு நாடு.

பழைய கப்பல் என்றாலே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. அளவில் சின்னதாக இருப்பதால் சின்னத் துறைகளில் நேராகக் கட்டும், படிக்கட்டில் இறங்கி நடந்து போகலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அதுவே நல்லது. வெனிஸ் நகரத்தின் ஜூடெக்கா கால்வாயில் 2021 ஆகஸ்டு முதல் 25,000 மொத்த டன் அல்லது 180 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்குத் தடை, சின்னவை இன்னமும் போகலாம். பழையது என்று சொல்லி, பழையதற்கு உரிய விலையில் விற்றால் எந்தத் தகராறும் இல்லை.

ஆனால் வயது பயணத் திட்டத்தை மாற்றும். 1990களில் கட்டிய கப்பல்களில் பால்கனி அறை குறைவு, பெரும்பாலும் உள்ளறையும் வட்டச் சன்னல் அறையும்தான். எல்லோருக்கும் பால்கனி என்று விற்றபோதே கப்பல் எது என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேகம் இன்னொன்று. இந்த வகைக் கப்பல்களில் நான்கு, ஐந்து எஞ்சின் இருக்கும். ஒன்று பழுதுபார்ப்பில் கிடந்தால் உச்ச வேகம் குறையும். மற்றவை நன்றாக இருந்தாலும் எண்ணெய்ச் செலவு கையைக் கட்டும். உந்துதலுக்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், 14 நாட்டில் ஓடுவதை 18க்குத் தூக்கினால் மணிக்கு எரியும் எண்ணெய் இரு மடங்காகும். 2023 முதல் கப்பல்களுக்குக் கரிம வெளியேற்றத்துக்கு ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். தரம் இறங்கிய பழைய கப்பலுக்கு மலிவான வைத்தியம் மெதுவாக ஓட்டுவதுதான். பினாங்கிலிருந்து பூக்கெட் ஏறக்குறைய 200 கடல் மைல். 18 நாட்டில் 11 மணி நேரம், மாலையில் கிளம்பி விடிகாலையில் சேரலாம். 12 நாட்டில் ஓட்டினால் 16 மணி நேரத்துக்கு மேல், சேரும்போதே காலைப் பொழுது போய்விடும். லங்காவியில் நான்கு மணி நேரம்தான் கிடைத்ததற்கும் பெரும்பாலும் இந்த மெதுவான ஓட்டம்தான் காரணம்.

பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் கப்பல் பெயர், ஐஎம்ஓ எண், ஒவ்வோர் ஊரிலும் துறையில் கட்டுமா படகில் இறக்குமா, அறை எண் அல்லது குறைந்தது அறை வகைக் குறியீடு, சேவைக் கட்டணம் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லும் குரல்பதிவும் வேண்டாம். பிறகு அதே தேதிக்குக் கப்பல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் ஊர்களை ஒப்பிடுங்கள். கம்பெனி போடாத ஊரை ஏஜெண்டு போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி வெளிநாட்டுப் பயணம் விற்க உரிமம் வேண்டும். ரசீதில் கே.பி.கே./எல்.என். என்று தொடங்கும் எண் இருக்கிறதா, அது சுற்றுலா அமைச்சின் பட்டியலில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே கொடுத்த ரசீதில் அந்த எண் இல்லை, பணம் போனது ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்கு.

இப்போதுதான் பணம் அனுப்பியவர்கள் உடனே 997க்கு, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கு, அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. வங்கிக்கும் சொல்லுங்கள், போலீஸ் புகார் எழுதுங்கள்.

போய் வந்தவர்களுக்கு வழி பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பூக்கெட் ரத்தானதை வைத்து வழக்குப் போடாதீர்கள், அது நிற்காது. பாங்காக், கப்பலின் வயது, பால்கனி அறை, சேவைக் கட்டணம் இந்த நான்கையும் வையுங்கள், அவை ஏஜெண்டு எழுதிக் கொடுத்த பொய்கள். விளம்பரத் தாள், வாட்ஸாப் உரையாடல், வங்கிச் சீட்டு, ஏறும் அட்டை, இறங்கும்போது கொடுத்த அறைக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வோர் இரவும் அறைக் கதவில் செருகிவிட்டுப் போன மறுநாள் நிகழ்ச்சித் தாளையும் தேடி எடுங்கள். எந்த ஊரில் எத்தனை மணிக்குச் சேரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கப்பல் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்த சாட்சி அது.