டெல்லி இன்டர்ன்ஷிப்பா, பிரதமர் திட்டமா, நாட்ஸ் அப்ரண்டிஸா? மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கல்லூரிக் கடைசி வருடத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, அரசு தரும் பயிற்சிகளில் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான். நான் நாட்ஸ் (NATS) எனப்படும் மத்திய அரசின் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் வழியாக ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேர்ந்து ஒரு வருடப் பயிற்சியை முடித்தவன். அதனால் என் ஓட்டு எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு காலிலும் காலிபர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி; வெளியே போய்வர அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படித்துக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடியவை டெல்லியில் இருக்கும் அமைச்சகங்களின், ஆணையங்களின் இன்டர்ன்ஷிப்கள். நிதி ஆயோக்கில் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை இருக்கலாம். பெயர் பெரியது, ஆனால் ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை கிடையாது. கால் பாதிக்கப்பட்டவர்களில் துணையாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்கு 75 சதவீதச் சலுகை உண்டு, கூட வருபவருக்கும் அதே சலுகை. ஆக, டெல்லிக்குப் போய்ச் சேர்வது பெரிய செலவில்லை. அங்கே தரைத்தளத்தில் ஓர் அறையும், அந்த அறையிலிருந்து அலுவலகத்துக்குத் தினமும் போக ஒரு வழியும் தேடுவதில்தான் பணம் கரையும். வீட்டில் அந்தச் செலவைத் தாங்குவார்கள் என்றால் போங்கள். இல்லையென்றால் தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஆன்லைன் குறுகிய கால இன்டர்ன்ஷிப்பைப் பாருங்கள். இரண்டு வாரம், வீட்டிலிருந்தே செய்யலாம். சட்டம், சமூகவியல், சமூகப்பணி படிக்கிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நாட்டின் முதல் 500 நிறுவனங்களில் 12 மாதம். தொடங்கியபோது அறிவித்த தொகை மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசு தருவது, 500 நிறுவனம் தருவது. சேரும்போது ஒரு தடவை 6,000. காப்பீடும் உண்டு. அப்போது சொன்ன வயது வரம்பு 21 முதல் 24 வரை, முழுநேரப் படிப்பில் இருக்கக் கூடாது. இந்த வயது வரம்பே நம்மில் பலருக்கு இடிக்கும். சின்ன வயதில் அறுவை சிகிச்சைக்காக இரண்டு வருடம் பள்ளியை விட்டவர் டிகிரி முடிக்கும்போது 23 ஆகியிருக்கும்.

முதல் சுற்றில் சுமார் 1.27 லட்சம் இடங்கள் இருந்தன. 82,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போயின. சேர்ந்தவர்களோ 9,000 பேர் கூட இல்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கிடைத்த இடம் தூரம் என்பது. இரண்டு காலும் நன்றாக இருப்பவர்களே தூரம் என்று விட்டுவிட்டார்கள் என்றால் நம் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

நான் முடிவெடுத்ததே இந்தத் தூரத்தை வைத்துத்தான். தூரம் என்று நான் சொல்வது கூகுள் மேப் காட்டும் கிலோமீட்டரை அல்ல, வீட்டு வாசலிலிருந்து வேலை நாற்காலி வரைக்கும் உள்ளதை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 150 ரூபாய் என்று வைத்தால், மாதம் 26 நாளுக்குப் போக வர 7,800 ரூபாய். பிரதமர் திட்டத்தின் 5,000 ரூபாய் ஸ்டைபண்டில் 2,800 கைக்காசு போகும். நாட்ஸில் பட்டதாரிக்குக் கிடைக்கும் 9,000 ரூபாயில் 1,200 மிஞ்சும். சாதா கட்டண நகரப் பேருந்து வாசலில் நின்றால் நமக்கும் துணையாளுக்கும் கட்டணமில்லை, அப்போது இரண்டுமே முழுசாகக் கையில் நிற்கும். பேருந்தின் முதல் படியில் ஏற முடிகிறதா என்பது வேறு விஷயம். கம்பெனி பஸ் விடுகிறோம் என்று சில இடங்களில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பஸ்ஸின் முதல் படி என் முழங்கால் உயரத்துக்கு இருக்கும்.

பிரதமர் திட்டத்தில் இன்னொரு சிக்கல். பெரிய நிறுவனம் தன்னிடம் இடமில்லை என்றால், அதற்குப் பொருள் கொடுக்கும் அல்லது அதனிடம் வாங்கும் நிறுவனத்தில் கூட இன்டர்னை வைக்க விதி இடம் தருகிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் பெயர் ஒன்று, காலை ஒன்பது மணிக்குப் போய் நிற்க வேண்டிய கட்டடம் வேறொன்றாக இருக்கலாம். எனக்கு வந்த அழைப்பு அப்படித்தான் இருந்தது: தொழிற்பேட்டைக்குள், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அலுவலகம் மாடியில், லிஃப்ட் இல்லை. போனில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கீழ்த்தளத்தில் உட்கார வைக்க முடியுமா என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் இல்லை.

நாட்ஸில் இது தலைகீழ். அறிவிப்பிலேயே யூனிட்டின் பெயர், ஊர், எத்தனை இடம் என்று இருக்கும். நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இந்த வழியாக ஆள் எடுக்கின்றன. நாட்ஸை நடத்தும் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இன்ஜினியரிங் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும் இடங்கள் வருகின்றன. விண்ணப்பிக்கும் முன்பே அந்த இடத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம். நான் அதைத்தான் செய்தேன். செக்யூரிட்டியிடம் கேட்டது நாலு விஷயம்: கேட்டுக்குள் ஸ்கூட்டரை விடுவார்களா, அலுவலகம் எந்த மாடி, சாய்தளம் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் எங்கே. டவுன்ஷிப் மாதிரி பெரிய வளாகங்களில் வெளியே இருக்கும் பத்து கிலோமீட்டரை விட கேட்டுக்கு உள்ளே இருக்கும் அரை கிலோமீட்டர்தான் ஆளை வதைக்கும்.

2019 அப்ரண்டிஸ் விதிகளின்படி ஸ்டைபண்ட் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசின் பங்கு. இது மாறக்கூடியது, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள். முடித்ததும் வாரியம் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதியலாம். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டுக்குப் போட்டி போடும்போது, அனுபவம் கேட்கும் பணியிடங்களில் இது கை கொடுக்கும். வேலை தருவார்கள் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் அந்தக் கட்டாயத்தை நிறுவனத்தின் மேல் வைக்கவில்லை.

சட்டப் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. அப்ரண்டிஸோ பயிற்சியாளர்தான், ஊழியர் அல்ல. எனவே அதைக் காட்டிச் சண்டை போடுவது சிரமம். ஆனால் அதே சட்டப்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கடிதம் எழுத ஒரு பெயரும் மேசையும் இருப்பதே பாதி வேலை. எனக்குக் கீழ்த்தளத்துப் பிரிவு கிடைத்தது அப்படி எழுதிய கடிதத்தால்தான்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, காது கேளாதவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஸ்க்ரீன் ரீடரில் வேலை செய்யும் ஒரு நண்பர் தனியார் நிறுவனத்தைத்தான் விரும்பினார், அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அரசு அலுவலகத்தில் பாதி இன்னும் பேப்பர் ஃபைல் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நாட்ஸ் பயிற்சி முடித்தவர் பிரதமர் திட்டத்துக்குத் தகுதி இழந்துவிடுகிறார். வயது வரம்பு நெருங்கிவிட்டது, வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல கம்பெனியில் கீழ்த்தளத்தில் இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் பிரதமர் திட்டத்தை எடுங்கள். மற்ற எல்லாருக்கும் என் பதில் நாட்ஸ்தான், அதுவும் நேரில் போய் டாய்லெட்டைப் பார்த்துவிட்டு.