டிரெய்லர் இழுப்பவர்களுக்கு: கேட் ஸ்கேல் எடைமேடை

"உங்கள் டிரக் 9,000 பவுண்டு இழுக்கும், டிரெய்லர் வெறும் 5,200தான்" என்றார் விற்றவர். டெக்சஸில் ஒரு டிரக் ஸ்டாப்பில், லாரிகளை எடை போடும் கேட் ஸ்கேலில் (CAT Scale) இரண்டையும் சேர்த்து ஏற்றினோம். அப்புறம் டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் நிறுத்தினோம். இரண்டு எடைச் சீட்டையும் கழித்துப் பார்த்தால், டிரெய்லர் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் சேர்ந்து 6,400! அது மாட்டியிருந்தபோது டிரக்கின் அச்சுகளில் கூடிய எடை, அதாவது கொக்கிமேல் அழுத்தும் பாரம், 800. நாங்கள் நான்கு பேர், டிரக்கின் பின்னால் இருந்த பொருட்கள் சேர்ந்து 710. ஆக 1,510. டிரக் தன்மேல் சுமக்கக் கதவோர ஸ்டிக்கர் அனுமதிப்பதோ 1,480தான். ஜெனரேட்டரை இறக்கிவிட்டோம்.

அச்சு வாரியாக எடை பிரித்துத் தரும் அந்தச் சீட்டு அருமை. எடை போடுபவரை அழைக்கும் பொத்தான் மட்டும் லாரி ஓட்டுநரின் உயரத்தில் இருக்கிறது. இறங்கித்தான் அழுத்த வேண்டும். முதல் பயணத்துக்கு முன்பே, முழுச் சாமானோடு போங்கள்.