எரேமியாவும் தண்ணி லாரியும்: அல்சூரில் ஆறு வார வேதபாட வகுப்பு

பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழ்ச் சபையில் ஆறு சனிக்கிழமை சாயங்காலம் நடந்த வகுப்புக்குப் போய்வந்தேன். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் ஏன் இவ்வளவு வறட்சியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் பாடம். கட்டணம் கிடையாது. அடுத்த முறை நடத்தினால் கண்டிப்பாகப் போங்கள்.

எனக்குப் பிடித்த காரணம், பாடம் எடுத்த ஐயா 'வறட்சி என்றால் தண்டனை' என்று ஒரே வரியில் முடிக்கவில்லை. முதல் வாரம் முழுக்கத் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார். எகிப்துக்கு நைல் இருந்தது, யூதேயா மலைநாட்டுக்கு அப்படி ஒரு ஆறு இல்லை, விதைப்புக்கு முன்மாரியும் அறுவடைக்கு முன்னால் பின்மாரியும் பெய்தால்தான் சோறு, கோடையில் ஒரு சொட்டு விழாது, அதனால் பாறையைக் குடைந்து, உள்ளே சுண்ணாம்புக் காரை பூசி, மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். காரை விட்டுப்போனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் பாறை வெடிப்பில் இறங்கிவிடும். ஊற்றாகிய தேவனை விட்டுவிட்டு வெடித்த தொட்டியை வெட்டிக்கொண்டார்கள் என்று எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 2-ஆம் அதிகாரத்தில் வருவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு வேதனையான பேச்சு என்று இப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது வாரம் எரேமியா 14. பெரிய மனிதர்கள் தங்கள் சிறியவர்களைத் தண்ணீருக்கு அனுப்ப, அவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து, வெட்கப்பட்டுத் தலையை மூடிக்கொள்கிறார்கள். பெண்மான் புல் இல்லாமல் ஈன்ற குட்டியையே விட்டுவிட்டுப் போகிறது. இதை வாசித்ததும் என் பக்கத்தில் இருந்த அக்கா, "2024-ல என் மகன் இப்படித்தாங்க வெறுங்குடத்தோட வந்து வாசல்லயே நின்னான், உள்ள வரவே மாட்டேன்னுட்டான்" என்றார். அந்த மார்ச்சில் நகரத்து போர்வெல்லில் கிட்டத்தட்டப் பாதி வறண்டு கிடந்ததே, யாருக்கு மறக்கும்? ஐயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த வசனத்தையே மறுபடி மெதுவாக வாசித்தார்.

ஆமோஸ் தீர்க்கதரிசியின் 4-ஆம் அதிகாரத்தையும் நன்றாக நடத்தினார். ஒரு ஊரில் மழை, அடுத்த ஊரில் இல்லை என்பது ஒயிட்ஃபீல்டில் கொட்டி மல்லேஸ்வரத்தில் தூறாத நாளைப் பார்த்த நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த அதிகாரத்தில் 'நீங்கள் என்னிடத்தில் திரும்பவில்லை' என்பது ஐந்து முறை வருவதை நான் கவனித்ததே இல்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் திரும்பி வரமாட்டார்களா என்ற ஏக்கம் அது, வெறும் கோபம் இல்லை என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகம் ஒரு தனி விருந்து. கி.மு. 520, எருசலேம் ஆலயம் பாழாய்க் கிடக்கிறது, நிலம் காய்கிறது. பாழுக்கு எபிரெயத்தில் ஹாரேப், வறட்சிக்கு ஹோரெப், இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து! என் வீட்டை விட்டீர்கள், உங்கள் நிலமும் அப்படியே ஆனது என்று தேவன் சொல்வதை ஆகாய் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டிருக்கிறார். தமிழ் வேதத்தில் இது தெரியவே தெரியாது, இதற்காகவே போகலாம்.

குறை என்றால், எலியா தீர்க்கதரிசியையும் பாகாலையும் கடைசி நாள் இருபது நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். மழைக்கும் இடிக்கும் தெய்வம் என்று கும்பிடப்பட்ட பாகாலின் எதிரிலேயே மழையை நிறுத்துவது எவ்வளவு பெரிய சவால், அதற்கே ஒரு வாரம் வேண்டும். கொடுத்த தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததும் வயதானவர்களுக்குக் கஷ்டமாகிவிட்டது. போகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், ஐயா மைக் பிடிப்பதில்லை.