எம்டி 90: மூன்று வருடமும் ஒரு ரப்பர் வளையமும்

கனடாவில் இருக்கும் மச்சான் போன கிழமை ஒரு படம் அனுப்பினான். பழைய ஸ்கி-டூ பனிவண்டி ஒன்றை மலிவாக வாங்கி, கராஜ் நிலம் முழுக்கக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறான். படத்துக்குக் கீழே கேள்வி: "நீ அந்த எம்டி 90 மோட்டார் சைக்கிளைத் திருத்தி எடுத்து மூன்று வருசமாச்சு. உண்மையைச் சொல்லு, காசுக்குப் பெறுமதியா?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் தொடங்கினேன். கை நிற்கவில்லை.

எம்டி 90 பற்றி வட இலங்கையில், எங்கள் வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளை 'உந்துருளி' என்று எழுதிய காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கண்ணுக்குள் வந்தது இதுதான். மூன்று கியர், கிளச் பிடி கிடையாது, யப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்தது. நான் வாங்கியது 2022இல். பெற்றோல் தட்டுப்பாட்டில், பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் அடித்த நாட்கள் அவை. வாகன இறக்குமதி 2020இலேயே நின்றுவிட்டதால் பழைய இரும்புக்கும் பவுண் விலை. புதுக்குடியிருப்பில் ஒரு வளவில், மாட்டுக்கொட்டிலோடு சாய்த்துக் கிடந்தது. சீற்றில் கோழி முட்டையிட்டிருந்தது. பதிவுப் புத்தகம் சரியாக இருந்தது. மற்றபடி ஒன்றும் சரியில்லை.

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு கஸ்கெற், அதாவது இடைத்தகடு, இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு. "மண்ணெண்ணெய்க் கால வேலை, தம்பி" என்றார். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அப்போது அமுக்கம் குறைந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று யாரோ மினக்கெட்டுச் செய்திருக்கிறார். 2002இல் ஏ9 வீதி திறந்து, பெற்றோல் தாராளமாக வந்து, இருபது வருடம் கழிந்தும் அந்த இரண்டாவது கஸ்கெற் உள்ளேயே இருந்திருக்கிறது. "இழுவை காணாது" என்று சொல்லி எனக்கு விற்றவருக்கு இது தெரியாது. அதை எடுத்துவிட்டு, சிலிண்டரை 0.50 மில்லிமீற்றர் பெருப்பித்துப் போர் அடித்து, புதுப் பிஸ்ரனும் றிங்கும் போட்டோம். கஸ்கெற்றை வீச மனமில்லை. வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

ரயர், கேபிள், வயரிங், பெயின்ற் எல்லாம் வழக்கமான செலவுகள், அவற்றை விடுங்கள். செயின் மூடியைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். தொழிற்சாலையில் செயினை முழுக்க மூடித்தான் விட்டார்கள். முன்னம் ஓட்டிய யாரோ ஸ்டைலுக்காகக் கழற்றி எறிந்திருக்கிறார். கிரவல் ரோட்டுப் புழுதியில் திறந்த செயின் எத்தனை நாளைக்கு? ஐந்து மாதம் தேடி, வவுனியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் நெளிந்துபோன ஒன்றை எடுத்துத் தட்டி நிமிர்த்திப் போட்டேன். அதற்குப் பிறகு செயினை நான் மறந்தே போனேன். உங்களிடம் மூடி இருந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். வண்டி சூடானால் ஸ்லோவில் ஓடாது, அணைந்துவிடும். விடியப்புறம் முல்லைத்தீவுக்கு மீன் எடுக்கப் போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது, வெயில் ஏறியதும், அக்சிலேற்றரை விட்டால் செத்துவிடும். ஒருநாள் வட்டுவாகல் பாலத்தில், நடுவில், எதிரே பஸ். அந்தப் பழைய பாலத்தில் விலக இடம் ஏது? மீன்பெட்டியோடு வண்டியைப் பின்னுக்கு உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தேன். பஸ்ஸில் இருந்த ஒரு அம்மா "பாவம், விட்டிட்டு சைக்கிள் வாங்கு தம்பி" என்றார்.

பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரைக் குறை சொல்லிப் புதிது ஒன்று வாங்கினேன். பெட்டியில் 'ஒரிஜினல்' என்று பெரிய எழுத்து, எழுத்துக்கூட்டல் பிழையோடு. இரண்டு மாதம் போனது, குறை போகவில்லை. கடைசியில் கராஜ் அண்ணை எஞ்சின் ஓடும்போதே, காபரேட்டர் பூட்டுகிற இடத்தில் ஊசியால் ஒரு துளி பெற்றோல் விட்டார். சத்தம் மாறியது. அந்தப் பூட்டுக்குள் இருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, இடைவெளியால் காற்றை இழுத்திருக்கிறது. பழைய யப்பான் காபரேட்டரில் ஒரு பிழையும் இல்லை! புது வளையம் போட்டால் வண்டி ஸ்லோவில் மணிபோல ஓடுகிறது. மூன்று மாதம் போனால் அதுவும் சூட்டில் தட்டை. தட்டையான வளையங்களை நெருப்புப்பெட்டி ஒன்றில் சேர்த்து வைத்திருக்கிறேன், இதுவரை ஏழு. கடைக்காரரையும் முழுக்கத் திட்ட முடியாது. "எல்லாம் கொப்பிதான், எடுக்கிறதெண்டா எடுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் தருகிறார்.

இதற்குள் ஒரு சந்தோசமும் உண்டு. ஹெட்லைற்றுக்குப் பின்னால் எதிலும் பூட்டாத இரண்டு வயர் கிடந்தன. தேடிக்கொண்டு போனால் அவை கைபிடிக்குள் போகின்றன. பனியில் கடிதம் கொண்டுபோகிற தபால்காரனின் விரல் விறைக்காமல் இருக்க வைத்த சூடாக்கி! வன்னி வெயிலுக்கு இது எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சும்மா பூட்டிப் பார்த்தேன், வலது கைபிடி மட்டும் வேலை செய்தது. மார்கழியில் விடிய நாலரை மணிக்கு, ஈரக் கடல் காற்றில் மீன்பெட்டியோடு ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஸ்லோவில் லைற் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

சரி மச்சான், பதில்: வாங்காதே. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். வாங்கிய விலைக்கு மேலே அதில் பாதி செலவழித்தாகிவிட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதியும் திறந்துவிட்டது. அந்தக் காசோடு கொஞ்சம் போட்டால் பாவித்த இந்திய வண்டி ஒன்று எடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் நித்திரை கொள்ளலாம். உன் ஸ்கி-டூவையும் பொறுக்கிக் கட்டி விற்றுவிடு.

இதை அனுப்பியதும் அவன் எழுதினான்: பனிவண்டியிலும் கைபிடிச் சூடாக்கி இருக்கிறதாம், இரண்டு பக்கமும் செத்துப்போச்சாம். வண்டியை இழுக்கிற பெல்ற் அறுந்தால் பனிக்குள் நடக்கவேண்டும் என்று மேலதிகமாக ஒரு பெல்ற் எப்போதும் வண்டியில் வைத்திருப்பானாம். நான் ரப்பர் வளையம் இரண்டைப் பேர்ஸில் வைத்திருப்பதைச் சொன்னேன். மச்சான், அங்கே பெற்றோலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் வளையம் கடையில் இருக்குமே, அளவு அனுப்புகிறேன், ஒரு பத்து வாங்கி வை, ஆடியில் வருகிற சித்தப்பாவிடம் கொடுத்துவிடு.